பழைய நோய்க்குப் புதிய சந்தேகம்

சொரியாசிஸ் மூட்டழற்சிக்கு உறுதிச் சோதனை என்று ஒன்று கிடையாது. சர்க்கரை நோய்க்கு ரத்தத்தில் ஓர் அளவு இருக்கிறது. காசநோய்க்குச் சளியில் கிருமி இருக்கிறது. இந்த நோய்க்கு அப்படி எதுவும் இல்லை. மருத்துவர் விரல்களை ஒவ்வொன்றாக அழுத்திப் பார்க்கிறார். தோலையும் நகத்தையும் கவனிக்கிறார். காலையில் எழுந்ததும் கை கால் இயல்பாக மடங்க எவ்வளவு நேரம் பிடிக்கிறது என்று கேட்கிறார். எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறார். கடைசியில் தன் படிப்பையும் அனுபவத்தையும் நம்பி ஒரு முடிவுக்கு வருகிறார். அந்த முடிவை நம்பி நோயாளி பத்து, பதினைந்து ஆண்டுகள் மருந்து சாப்பிடுகிறார். பிறகு ஒருநாள் வேறொரு மருத்துவர், ‘உங்களுக்கு இருப்பது அந்த நோய்தானா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது’ என்கிறார்.

அதைக் கேட்டவருக்கு என்ன ஆகிறது, அதைச் சொல்வதற்கு முன் மருத்துவர் எதையெல்லாம் பார்த்திருக்க வேண்டும், சொன்ன பிறகு என்ன செய்ய வேண்டும் என்பது பற்றி நம்மிடையே பேச்சே இல்லை. ஆண்டுக்கணக்கில் மாத்திரையோடு வாழ்பவர்கள் பெருகிவரும் காலத்தில் இது பேசியாக வேண்டிய விஷயம்.

சந்தேகமே கூடாது என்று நான் சொல்லவில்லை. இந்த நோய்க்குத் தனிப்பெயர் கிடைத்ததே சந்தேகத்தால்தான். பிரான்ஸ் நாட்டு மருத்துவர் அலிபேர், சொரியாசிஸ் என்ற தோல் நோய் உள்ளவர்களுக்கு மூட்டு நோயும் வருவதை 1818-லேயே குறித்துவைத்தார். ஆனாலும் அதன் பிறகு நூறாண்டுகளுக்கும் மேலாக, அப்படிப்பட்ட ஒருவருக்கு மூட்டு வீங்கினால் ‘சொரியாசிஸ் இருக்கிறது, கூடவே முடக்குவாதமும் வந்துவிட்டது’ என்றே பெரும்பாலான மருத்துவர்கள் எண்ணினார்கள். முடக்குவாதக் காரணி எனப்படும் ஆர்.ஏ. ஃபேக்டர் 1940-களில் கண்டறியப்பட்ட பிறகு அந்த எண்ணம் ஆட்டம் கண்டது. இங்கிலாந்தின் லீட்ஸ் நகரில் வெர்னா ரைட் என்ற மருத்துவர் 1950-களில் இத்தகைய நோயாளிகளைத் தனியே எடுத்து ஆராய்ந்தார். பலருக்கு ரத்தத்தில் அந்தக் காரணி இல்லை. முடக்குவாதம் வழக்கமாக விட்டுவைக்கும் விரல் நுனி மூட்டுகள் இவர்களுக்கு வீங்குகின்றன. சிலருக்கு முதுகெலும்பும் பாதிக்கப்படுகிறது. இது முடக்குவாதம் இல்லை, வேறொன்று என்றார் அவர். அமெரிக்க வாதநோய்ச் சங்கம் 1964-ல்தான் இதைத் தனி நோயாகத் தன் பட்டியலில் சேர்த்தது. 1973-ல் ரைட்டும் ஜான் மோலும் சேர்ந்து இதன் ஐந்து வடிவங்களை விவரித்தார்கள். முன்னவர் வைத்த பெயரைக் கேள்வி கேட்ட ஒருவர் இல்லாவிட்டால் இன்று இந்த நோய்க்குப் பெயரே இல்லை.

2006-ல் ‘காஸ்பர்’ என்ற அளவுகோல் வந்தது. 13 நாடுகளில், இந்த நோய் உள்ளதாக மருத்துவர்கள் சொன்ன 588 பேரையும் வேறு மூட்டழற்சி உள்ள 536 பேரையும் ஒப்பிட்டு உருவாக்கியது. மூட்டிலோ, முதுகெலும்பிலோ, தசைநாண் எலும்போடு ஒட்டும் இடத்திலோ அழற்சி இருக்க வேண்டும் என்பது அதன் நுழைவாயில். அதைத் தாண்டினால்தான் மதிப்பெண். இப்போது சொரியாசிஸ் இருந்தால் இரண்டு. முன்பு இருந்து மறைந்திருந்தாலோ குடும்பத்தில் யாருக்காவது இருந்தாலோ ஒன்று. நகச் சிதைவுக்கு ஒன்று, ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லாததற்கு ஒன்று, விரல் அடி முதல் நுனிவரை ஒரே பருமனாக வீங்கியதற்கு ஒன்று, எக்ஸ்-ரேயில் மூட்டருகே புதிய எலும்பு முளைத்திருந்தால் ஒன்று. மூன்று வந்துவிட்டால் போதும். பிற மூட்டழற்சி உள்ளவர்களில் 98.7 சதவீதம் பேரை இது சரியாக விலக்கியது. நல்ல கருவிதான். ஆனால், ஆய்வுக்கு ஆள் சேர்ப்பதற்காக உருவான கருவி. எதை ‘உண்மையான நோய்’ என்று வைத்து இதை அளந்தார்கள் என்று பார்த்தால், அங்கேயும் நிற்பது மருத்துவரின் தீர்ப்புதான்.

நுழைவாயிலைக் கவனிக்காமல் மதிப்பெண்ணை மட்டும் கூட்டினால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். முழங்கையில் சொரியாசிஸ் உள்ள ஐம்பது வயதுக்காரருக்கு, அந்த வயதில் பலருக்கும் வருவது போல, மூட்டுத் தேய்மானம் வருகிறது. சொரியாசிஸுக்கு இரண்டு, ஆர்.ஏ. ஃபேக்டர் இல்லாததற்கு ஒன்று. மூன்று வந்துவிட்டது. ஆனால், அவருக்கு அழற்சி என்பதே இல்லை. இன்னொரு பக்கம், சொரியாசிஸ் உள்ளவர்களில் ஏறக்குறைய 30 சதவீதம் பேர்வரை மூட்டழற்சிக்கு ஆளாகலாம் என்பதால், ‘இது வெறும் தேய்மானம்’ என்று அனுப்பிவைப்பதும் ஆபத்து. அயர்லாந்தில் செய்த ஓர் ஆய்வு, வாதநோய் மருத்துவரிடம் போய்ச்சேர ஆறு மாதம் தாமதமானாலே எலும்பு அரிப்பும் உடல் இயக்கக் குறைவும் கூடுவதைக் காட்டியது. இருக்கிறது என்று தவறாகச் சொன்னாலும் கேடு, இல்லை என்று தவறாகச் சொன்னாலும் கேடு.

இந்த நோயைப் போல வேடம் போடும் நோய்களின் கூட்டம் பெரிது. சொரியாசிஸ் உள்ளவர்களுக்கு ரத்தத்தில் யூரிக் அமிலம் கூடுதலாக இருப்பது சகஜம். கால் பெருவிரல் வீங்கியதும் அந்த எண்ணைப் பார்த்து ‘கவுட்’ என்று எழுதிவிடுகிறார்கள். மூட்டு நீரை ஊசியில் எடுத்து நுண்ணோக்கியில் படிகம் இருக்கிறதா என்று பார்ப்பதுதான் சரியான வழி. அதை எத்தனை இடத்தில் செய்கிறோம்? நாள் முழுக்க நின்று வேலை செய்கிறவர்களுக்கு வரும் குதிகால் வலி, தசைநாண் அழற்சியாகப் பெயர் மாறுகிறது. பூஞ்சை பிடித்த நகம் சொரியாசிஸ் நகமாகிறது. விரல் நுனி மூட்டில் முடிச்சு விழும் தேய்மானம் நம் ஊர்ப் பெண்களிடம் நிறைய உண்டு; அதில் ஒருவகை எலும்பையே அரிக்கும். எக்ஸ்-ரேயில் அனுபவசாலிகளையும் அது குழப்பிவிடும். ஆர்.ஏ. ஃபேக்டரோ, நோயே இல்லாத முதியவர்கள் சிலருக்கும் இருக்கும். சொரியாசிஸ் மூட்டழற்சி உள்ள சிறு பகுதியினருக்கும் இருக்கும். அழற்சியைக் காட்டும் இ.எஸ்.ஆர்., சி.ஆர்.பி. இரண்டும் இந்த நோயாளிகளில் ஏறக்குறையப் பாதிப்பேருக்கு இயல்பாகவே இருக்கும். ‘ரத்தத்தில் எல்லாம் நார்மல், உங்களுக்கு ஒன்றுமில்லை’ என்ற வாக்கியம் இந்த நோயைப் பொறுத்தவரை மருத்துவ ஆதாரமே ஆகாது.

நம் மண்ணுக்கே உரிய குழப்பங்களும் இருக்கின்றன. 1973-க்குப் பிறகு காணாமல் போயிருந்த சிக்குன்குனியா, 2005 இறுதியில் மீண்டும் தலைகாட்டி, 2006-ல் தென்மாநிலங்களைப் படுத்தியெடுத்தது. காய்ச்சல் போன பிறகும் மாதக்கணக்கில், சிலருக்கு ஆண்டுக்கணக்கில், மூட்டு வீக்கம் நின்றது. அப்படிப்பட்டவர்களுக்குக் கொடுக்கப்பட்ட ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் மாத்திரை, உள்ளே அடங்கிக் கிடக்கும் சொரியாசிஸைச் சிலருக்குத் தூண்டிவிடும். வைரஸ் தந்த மூட்டு வீக்கம் ஒருபுறம், மருந்து கிளப்பிய தோல் நோய் மறுபுறம். இரண்டையும் ஒரே நாளில் பார்க்கிற மருத்துவர் என்ன பெயர் வைப்பார்? முடக்குவாதத்துக்காகப் போடும் டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளும் சிலருக்குச் சொரியாசிஸ் போன்ற தோல் மாற்றத்தை உண்டாக்கும். சீட்டு இல்லாமல் மருந்துக்கடையில் வாங்கிய ஸ்டீராய்டு, ‘மூலிகைப் பொடி’ என்ற பெயரில் ஸ்டீராய்டு கலந்து விற்கப்படும் கலப்படச் சரக்கு இவையெல்லாம் வீக்கத்தை அமுக்கிவிட்டு, மருத்துவர் தொட்டுப் பார்க்கும்போது ஒன்றுமே இல்லாததுபோல் காட்டும்.

மறைப்பதும் ஒரு காரணம். சொரியாசிஸைத் தொற்றுநோய் என்றும் குஷ்டம் என்றும் நினைக்கிற ஊர் இது. கல்யாணம் தட்டிப்போகும் என்று பெண்ணின் தலையில் இருப்பதைப் ‘பொடுகு’ என்றே வீட்டில் சொல்லி வளர்த்திருப்பார்கள். தலையிலும், தொப்புளிலும், பிட்ட இடுக்கிலும் மட்டும் சொரியாசிஸ் உள்ளவர்கள் உண்டு. தலையிலும் பிட்ட இடுக்கிலும் வருவதும், நகம் சிதைவதும் மூட்டழற்சி வரும் வாய்ப்பு கூடுதல் என்பதற்கான அடையாளங்கள். உட்கார்ந்த இடத்தில் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தால் இவை தெரியாது. சிவந்த திட்டு என்று பாடப்புத்தகம் காட்டும் படம் வெள்ளைத் தோலுடையது. நம் தோலில் அது ஊதாவாகவோ சாம்பல் படிந்த பழுப்பாகவோ இருக்கும். போதாததற்கு, தோலுக்கு ஒரு மருத்துவர், மூட்டுக்கு எலும்பு மருத்துவர், இருவரிடமும் இரண்டு ஃபைல். ஒன்றை இன்னொன்று பார்த்ததே இல்லை.

ஆகவே, பழைய முடிவைச் சந்தேகிக்கப் போதுமான நியாயம் எப்போதும் இருக்கிறது. கேள்வி கேட்கிற மருத்துவர் நல்ல மருத்துவராகவே இருக்கக்கூடும். என் கவலை, அந்தக் கேள்வி நம் மருத்துவமனைகளில் எப்படிக் கேட்கப்படுகிறது என்பதில்.

என் அக்காவுக்கு நடந்ததைச் சொல்கிறேன். காவிரிப் படுகையில் ஒரு சிறிய ஊரில் பள்ளி ஆசிரியை. மகன் பிறந்து சில ஆண்டுகளில் மூட்டு வீக்கம் தொடங்கியது. பார்த்த மருத்துவர் சொரியாசிஸ் மூட்டழற்சி என்று சொல்லி, மெத்தோட்ரெக்ஸேட் எழுதிக்கொடுத்தார். வாரத்தில் ஒரே ஒரு நாள் போடும் மாத்திரை அது. தவறித் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. கருவில் உள்ள குழந்தைக்குக் கேடு என்பதால் கர்ப்பம் தரிக்கக் கூடாது. இன்னொரு குழந்தை வேண்டும் என்று அக்காவுக்கும் அத்தானுக்கும் ஆசை இருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் காத்திருக்கலாம் என்று மருத்துவர் சொன்னார். நிறுத்தினால் கரும்பலகையில் எழுதக் கை வருமா என்ற பயத்தில் அந்த ஆசையை இருவரும் விட்டார்கள். மாதாமாதம் ரத்தப் பரிசோதனை, பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஞாயிற்றுக்கிழமை ராத்திரி மாத்திரை, திங்கட்கிழமை குமட்டலோடு வகுப்பு. அப்படியே வருஷங்கள் போயின.

அந்த மருத்துவர் ஓய்வுபெற்று, கிளினிக்கை மூடிவிட்டார். முழங்கால் வலி கூடியபோது அக்கா வேறொரு நகரத்தில் உள்ள மருத்துவமனைக்குப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன். இளம் மருத்துவர், அக்கறையானவர்தான். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வீக்கம் எங்கேயும் இல்லையேம்மா. தோலும் சுத்தமா இருக்கு. உங்களுக்கு சொரியாடிக் ஆர்த்ரைட்டிஸ்னு யார் சொன்னது? இது முழங்கால் தேய்மானம் மாதிரிதான் தெரியுது. அந்த மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாம்” என்றார். அடுத்த நோயாளி கதவருகே வந்து நின்றுவிட்டார்.

வெளியே வந்து மரத்தடி பெஞ்சில் உட்கார்ந்ததும் அக்கா கேட்டாள்: “அப்போ இத்தனை வருஷம் நான் முழுங்கினது எதுக்குடா தம்பி?” மருந்தைப் பற்றி மட்டும் அவள் கேட்கவில்லை என்று எனக்குத் தெரியும். பிறக்காமல் போன குழந்தையைப் பற்றியும்தான் கேட்டாள்.

அவளிடம் கட்டுக் கட்டாகச் சீட்டுகள் இருந்தன. எல்லாவற்றிலும் மருந்தின் பெயர், அளவு, அடுத்த முறை வர வேண்டிய தேதி. முதன்முதலில் என்ன பார்த்து அந்தப் பெயரை வைத்தார்கள், எந்தெந்த விரல் வீங்கியிருந்தது, தோலில் எங்கே திட்டு இருந்தது என்று ஒரு வரிகூட எதிலும் இல்லை. அவளுடைய நோயின் தொடக்கம் ஒரே ஒருவரின் நினைவில் இருந்தது. அவர் இப்போது எங்கே இருக்கிறார் என்று தெரியவில்லை.

கடைசியில் கைகொடுத்தவை பீரோவில், பட்டுப்புடவைகளுக்கு அடியில் கிடந்த ஒரு பழைய எக்ஸ்-ரேயும், அம்மாவின் ஞாபகமும்தான். நோய் தொடங்கிய சமயம் எடுத்த கை எக்ஸ்-ரே அது. “அவளுக்கு மோதிர விரல் வீங்கி, கல்யாண மோதிரத்தை ஆசாரிகிட்ட கொண்டுபோய் வெட்டித்தானே எடுத்தோம்” என்றார் அம்மா. இரண்டையும் எடுத்துக்கொண்டு வாதநோய்ச் சிறப்பு மருத்துவர் ஒருவரிடம் போனோம். அவர் தலைமுடியை வகிடு வகிடாகப் பிரித்துப் பார்த்தார். காதுக்குப் பின்னால் பார்த்தார். நகத்தில் ஊசியால் குத்தியது போன்ற குழிகளை லென்ஸ் வைத்துக் காட்டினார். பழைய எக்ஸ்-ரேயைப் புதியதோடு வைத்து ஒப்பிட்டு, விரல் மூட்டில் எலும்பு அரித்திருப்பதையும், பக்கத்திலேயே புதிய எலும்பு முளைத்திருப்பதையும் சுட்டிக்காட்டினார். “நோய் இருந்தது உண்மை. மருந்து அதைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனா உங்க முழங்கால் வலிக்குக் காரணம் இது இல்லம்மா. முன்னாடி பார்த்த டாக்டர் சொன்னது அதுல சரிதான். அது தேய்மானம்” என்றார்.

இங்கேதான் விஷயத்தின் மையம் இருக்கிறது. ‘உங்களுக்கு இந்த நோய் இல்லை’ என்ற ஒரு வாக்கியத்துக்குள் மூன்று கேள்விகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. அன்றைக்கு இந்த நோய் இருந்ததா? இன்றைய வலிக்கு அதுதான் காரணமா? இனியும் இந்த மருந்து தேவையா? ஒன்றுக்கான பதில் மற்றொன்றுக்குப் பதிலாகாது. சொரியாசிஸ் மூட்டழற்சி உள்ளவருக்கும் முழங்கால் தேயும், கவுட் வரும், சிக்குன்குனியா வரும். அழற்சி முழுதாக அடங்கிய பின்னும், நரம்பு மண்டலம் வலியைப் பெருக்கிக் காட்டும் ஃபைப்ரோமயால்ஜியா பலருக்குச் சேர்ந்தே இருக்கும். அந்த வலியை நோயின் சீற்றம் என்று எண்ணி மருந்தை மேலும் மேலும் கூட்டிக்கொண்டே போவது ஒரு தவறு. அதே வலியைப் பார்த்து ‘ஆரம்பத்திலிருந்தே உங்களுக்கு ஆர்த்ரைட்டிஸ் இல்லை’ என்று சொல்வது அதைவிடப் பெரிய தவறு. முதல் தவறில் தேவையற்ற மருந்து உடம்புக்குள் போகிறது. இரண்டாவதில், தேவையான மருந்து நின்றுபோகிறது, கூடவே நோயாளியின் கடந்தகாலமே பொய்யாகிப் போகிறது.

வீக்கம் இல்லை என்பதை ஆதாரமாகக் கொள்வதில் இன்னொரு சிக்கல். நன்றாக வேலை செய்கிற மருந்தின் இலக்கே வீக்கம் இல்லாமல் செய்வதுதான். சிகிச்சையில் இருக்கிற ஒருவரின் கையில் வீக்கத்தைத் தேடிவிட்டு, காணோம் என்பதால் நோயே இல்லை என்று முடிவுகட்ட முடியாது. ஜெர்மனியில் நடந்த ஓர் ஆய்வு 2015-ல் வெளியானது. நோய் முற்றாக அடங்கியிருந்த 26 பேருக்கு மருந்தை நிறுத்திப் பார்த்தார்கள். ஆறு மாதத்துக்குள் 20 பேருக்கு நோய் திரும்பிவிட்டது. சிறிய ஆய்வுதான். ஆனாலும், ‘நிறுத்திப் பார்க்கலாம்’ என்று போகிற போக்கில் சொல்லக் கூடாது என்பதற்கு அது போதும். மருந்தை நிறுத்துவது சில நேரங்களில் சரியான முடிவாகவே இருக்கும். அப்படி நிறுத்தினால், எப்போது திரும்ப வர வேண்டும், எது வீங்கினால் உடனே வர வேண்டும், வீங்கிய அன்றே யார் பார்ப்பார்கள் என்பதெல்லாம் முன்கூட்டியே தீர்மானமாகியிருக்க வேண்டும். டி.என்.எஃப். தடுப்பு போன்ற உயிரியல் ஊசி போடுகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கினால், சிலருக்கு உடலே அந்த மருந்துக்கு எதிராக எதிர்ப்புப் பொருளை உண்டாக்கி அதைச் செயலற்றதாக்கிவிடும்.

வீக்கம் மறையும், தோல் ஆறும், எலும்பு மறப்பதில்லை. அரித்த இடமும் முளைத்த இடமும் எக்ஸ்-ரேயில் நிலைத்திருக்கும். ஆனால், நோய் எலும்பைத் தொடும் முன்பே மருந்து தொடங்கிவிட்டால் அந்தத் தடயமும் இருக்காது. தாமதமின்றிச் சரியான சிகிச்சை பெற்றவரிடம்தான் நோய் இருந்ததற்கான சாட்சி மிகக் குறைவாக இருக்கும். அவருடைய முதல் சில மாதங்களின் குறிப்புகள் தொலைந்துபோனால், பின்னால் வரும் எந்தச் சிறந்த மருத்துவராலும் அதைத் திரும்ப உருவாக்க முடியாது.

நோயின் பெயரோடு நோயாளிக்கு இருக்கும் உறவையும் மருத்துவர்கள் அறிய வேண்டும். இந்த நோய்க்காரர்களில் பலர், குறிப்பாகப் பெண்கள், பெயர் கிடைப்பதற்கு முன் நெடுங்காலம் நம்பப்படாமல் இருந்தவர்கள். ‘பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான்’, ‘மாதவிலக்கு நிற்கிற வயசு’, ‘மனசில் ஏதோ கவலை’ என்று கேட்டுக் கேட்டு ஓய்ந்தவர்கள். காலையில் இட்லி மாவுப் பாத்திரத்தைத் தூக்க முடியவில்லை என்று சொன்னால் சோம்பேறி என்று பெயர் வாங்கியவர்கள். ஒருநாள் மருத்துவர் நோய்க்கு ஒரு பெயரை எழுதித் தந்த பிறகுதான் மாமியார் நம்பினார், கணவர் நம்பினார், தலைமையாசிரியர் முதல் மாடி வகுப்பைத் தரைத்தளத்துக்கு மாற்றித் தந்தார். அந்தப் பெயரை அவர்களிடமிருந்து எடுக்கும்போது கூடவே அந்த நம்பிக்கையும் போகிறது. பழைய ஏச்சு மறுபடி கேட்கும் என்று அவர்கள் அஞ்சுவதில் என்ன வியப்பு? ‘நோய் இல்லை என்றால் சந்தோஷப்பட வேண்டியதுதானே’ என்று கேட்பவர்கள் இதைக் கண்டதில்லை. வலி அப்படியே இருக்க, அதன் பெயர் மட்டும் பறிபோனால் எப்படிச் சந்தோஷப்படுவது? பழைய பெயர் தவறு என்று காட்டுகிற மருத்துவர், அந்த வலிக்குத் தான் என்ன விளக்கம் தருகிறார் என்பதையும், அடுத்து என்ன செய்யப்போகிறார் என்பதையும் அதே மூச்சில் சொல்லக் கடமைப்பட்டவர்.

‘இதை யார் எழுதினது?’ என்று முந்தைய சீட்டைத் தூக்கிப் பார்த்துக் கேட்கும் வழக்கத்தையும் விட வேண்டும். முன்னவர் பார்த்தது வேறொரு நாள், வேறொரு கை. அன்று அந்தக் கை எப்படி இருந்தது என்று இவருக்குத் தெரியாது. முன்னவரின் தொலைபேசி எண் கிடைத்தால் இரண்டு நிமிடம் பேசலாம். பேச முடியாத நிலையில், நோயாளியிடமே கேட்கலாம். அக்காவின் மோதிரத்தைப் பற்றி முதல் மருத்துவமனையில் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் முக்கியமான ஒரு தடயம் அங்கேயே கிடைத்திருக்கும். நோயாளி தன் உடம்பைப் பற்றி வைத்திருக்கும் நினைவும் மருத்துவ ஆதாரம்தான். நெரிசல் மிகுந்த புறநோயாளிப் பிரிவில் அதைக் கேட்க நேரமில்லை என்பதை நான் அறிவேன். நேரமில்லை என்றால், நேரம் கிடைக்கும் நாள்வரை தீர்ப்பைத் தள்ளிவைக்கலாம். ‘எனக்கு ஒரு சந்தேகம் இருக்கும்மா. மருந்தை இப்போதைக்கு நிறுத்தாதீங்க. பழைய எக்ஸ்-ரே, ரிப்போர்ட் எல்லாம் எடுத்துக்கிட்டு வாங்க, உட்கார்ந்து பார்ப்போம்’ என்று சொல்ல அரை நிமிடம் போதும்.

ஆனால், எல்லாவற்றையும் மருத்துவரின் பண்பிடம் விட்டுவிட முடியாது. ஆவணத்தின் பிரச்சினை விதியின் பிரச்சினை. இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002-ம் ஆண்டு தொழில் நெறிமுறை விதிகள், சிகிச்சை தொடங்கிய நாளிலிருந்து மூன்று ஆண்டுகளுக்கு மருத்துவக் குறிப்புகளைப் பாதுகாக்கச் சொல்கின்றன. நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைத் தர வேண்டும் என்றும் சொல்கின்றன. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால், பாதுகாக்கச் சொல்வது உள்நோயாளிகளின் குறிப்புகளை. மூட்டழற்சி நோயாளி எப்போது உள்நோயாளியாகப் படுத்திருக்கிறார்? அவருடைய மொத்த வாழ்வும் புறநோயாளிச் சீட்டில்தான் கழிகிறது. முப்பது ஆண்டு நீடிக்கிற நோய்க்கு மூன்று ஆண்டு கணக்கும் பொருந்தாது. அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு வீடு திரும்புகிறவருக்கு டிஸ்சார்ஜ் சுருக்கம் கிடைக்கிறது. ஆயுள் முழுக்க மருந்து சாப்பிடச் சொல்லப்பட்டவருக்கு, ஏன் சாப்பிட வேண்டும் என்று எழுதிய ஒரு தாள் கிடைப்பதில்லை.

மத்திய அரசு 2021 செப்டம்பரில் தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் மின்னணு மருத்துவத் திட்டம் ஒவ்வொருவருக்கும் 14 இலக்க ‘ஆபா’ எண் தருகிறது. ரிப்போர்ட்டுகளை அதில் சேர்த்துவைக்கலாம். பயன் உண்டு. ஆனாலும் மருத்துவர் எழுதாத ஒன்றை எந்தக் கணினியும் சேமிக்காது. லேப் முடிவுகள் மட்டும் ஏறிக்கொண்டிருந்தால், ரத்தம் நார்மலாக இருக்கிற பாதி நோயாளிகளுக்கு அதில் இருக்கப்போவது ‘ஒன்றுமில்லை’ என்ற பதிவுதான்.

எனவே, கேட்பது ஒன்றுதான். ஆண்டுக்கணக்கில் மருந்து தேவைப்படும் எந்த நோய்க்கும், முதன்முதலில் பெயர் வைக்கிற மருத்துவர் அதற்கான காரணத்தை ஒரு பக்கத்தில் எழுதி நோயாளியின் கையில் கொடுக்க வேண்டும் என்று விதி வர வேண்டும். எந்த மூட்டுகள் வீங்கியிருந்தன, தோலிலும் நகத்திலும் என்ன இருந்தது, குடும்பத்தில் யாருக்கு இருக்கிறது, எக்ஸ்-ரேயில் என்ன தெரிந்தது, வேறு எந்த நோய்களை யோசித்து ஏன் விலக்கினார், எவ்வளவு உறுதியாக நம்புகிறார் என்பவை அதில் இருக்க வேண்டும். ‘இப்போதைக்கு இப்படித் தோன்றுகிறது, ஓராண்டு கழித்து மறுபடி பார்க்க வேண்டும்’ என்று எழுதுவதில் மருத்துவருக்கு எந்த இழுக்கும் இல்லை. மூட்டழற்சி முதலில் வந்து, சொரியாசிஸ் பிறகு தலைகாட்டுகிறவர்கள் ஏழில் ஒருவர் அளவுக்கு இருக்கிறார்கள். அவர்களுக்கு முதல்நாள் எழுதும் பெயர் தற்காலிகமானதாகவே இருக்க முடியும். நோய்ப் பெயரை மாற்றுகிற மருத்துவரும் அதே போல எழுத வேண்டும்: எதைப் பார்த்து மாற்றினேன், பழைய சான்றுகளில் எதைப் பார்த்தேன், எது கிடைக்கவில்லை. அரசு மருத்துவமனைகளில் இதற்கான படிவத்தை அச்சிடத் தமிழக அரசுக்கு யார் அனுமதியும் தேவையில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியில் மூட்டு, தசை, இணைப்புத் திசு நோய்களுக்கென்றே ஒரு துறை நெடுங்காலமாக இயங்கிவருகிறது. படிவத்தை எப்படி வடிவமைப்பது என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

விதி வரும்வரை நோயாளிகள் செய்துகொள்ளக் கூடியது சில உண்டு. விரல் வீங்கும் நாளில், தோலில் திட்டு வரும் நாளில், கைபேசியில் தேதியோடு படம் எடுத்துவையுங்கள். மருத்துவரைப் பார்க்கும் நாளில் அது வடிந்துபோயிருக்கும். முதல் எக்ஸ்-ரேயை எக்காரணம் கொண்டும் தூக்கிப் போடாதீர்கள். பிலிம் நாளடைவில் மங்கும், வெளிச்சத்தில் வைத்து அதையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். தலையில் இருப்பதைப் பொடுகு என்று மறைக்காமல் காட்டுங்கள். சந்தேகம் எழுப்புகிற மருத்துவரிடம் கோபப்படாமல், ‘நோயே இல்லை என்கிறீர்களா, இந்த வலி அதனால் இல்லை என்கிறீர்களா?’ என்று கேளுங்கள். பெரும்பாலும் அவர் இரண்டாவதைத்தான் சொல்ல நினைத்திருப்பார். எதுவானாலும், மறு ஆலோசனை முடியும்வரை மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெத்தோட்ரெக்ஸேட் போடுகிறவர்கள் ரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

அக்கா இப்போதும் மாத்திரை சாப்பிடுகிறாள், முன்பைவிடக் குறைந்த அளவில். அந்தச் சிறப்பு மருத்துவர், தான் பார்த்தவற்றை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, கையெழுத்திட்டுக் கொடுத்திருக்கிறார். முழங்காலுக்குத் தனியாக உடற்பயிற்சியும் எழுதியிருக்கிறார். இத்தனை ஆண்டுகளில் அவளுடைய நோயைப் பற்றி முழு வாக்கியங்களில் எழுதப்பட்ட முதல் தாள் அது.